செங்கமலத்தின் கருத்து

சாக்கடைக்கு மூடி போட நிதியில்லாத எங்கள் ஊராட்சி, எண்பது லட்சத்துக்கு ஒரு திரை வாங்கியது. மக்கள் சிரமப்பட்டுக் கிராம சபைக்கு வர வேண்டாமாம். அவரவர் முகத்திலும் குரலிலும் திரையே பேசும், தீர்மானத்துக்குத் திரையே கை தூக்கும்.

அந்தச் சாக்கடையில் விழுந்து கால் ஒடிந்த கணவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு செங்கமலம் நேரிலேயே வந்துவிட்டாள். நாற்காலிகள் எல்லாம் காலி. திரையில் அவளே பேசிக்கொண்டிருந்தாள்.

"செல்ஃபி பாயிண்ட் ரொம்ப நல்லாருக்குங்க. நானும் எங்க வீட்டுக்காரரும் தினம் அங்கதான் வாக்கிங் போறோம். இன்னொண்ணு கட்டுங்க."

"அடப்பாவிகளா, நான் எப்பய்யா அப்படிச் சொன்னேன்? மொதல்ல சாக்கடைய மூடுங்க!" என்று கத்தினாள் செங்கமலம்.

கிளார்க் அருமைநாயகம் உதட்டில் விரல் வைத்தார்.

"சத்தம் போடாதீங்கம்மா. செங்கமலம் அக்கா பேசிட்டிருக்காங்கல்ல?"