கோட்டுக்குக் கீழே

மீன் வெட்டுகிறவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்மூடிக் கிடக்கிறான். முந்தாநாள் கடையில் மீன் முள் குத்திய வலது கை தலையணையளவு வீங்கி, கருநீலக் கொப்புளங்களோடு, யாருடையதோ போலத் தனியாகக் கிடக்கிறது. ஜன்னல் வெயில் சரியாக அதன்மேல்தான் விழுகிறது. எழுந்துபோய்த் திரையை இழுத்துவிடலாம் என்று மனைவிக்குத் தோன்றுகிறது. உடம்புதான் அசையமாட்டேன் என்கிறது. தலைமாட்டில் மெஷின் விடாமல் கீச்சிடுகிறது. டாக்டர் குரலை உயர்த்தாமல் சொல்கிறார். “கடல் தண்ணியில இருக்கற கிருமிம்மா, முள்ளு வழியா உள்ள போயிருக்கு. ஏற்கெனவே ஈரல் கெட்ட உடம்பு, அதான் இவ்வளவு வேகமா பரவுது. முழங்கைக்கு மேல எடுத்துட்டா ஆளைக் காப்பாத்தப் பாக்கலாம்.” “எடுத்துடுங்க” என்கிறாள். கடைக்கு வருகிறவர்கள் மீன் தலையைக் காட்டிச் சொல்கிற அதே குரலில் சொல்லியிருக்கிறோம் என்பது சற்றுப் பொறுத்துத்தான் உறைக்கிறது. டாக்டர் முழங்கைக்கு மேலே பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகிறார். அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்குக் கொஞ்சம் கீழே, முழங்கை ஓரத்தில், மீன் செதில் ஒன்று காய்ந்து ஒட்டியிருக்கிறது. முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து, வலிக்காமல் துடைக்கிறாள். இப்போதாவது அழுகை வரும் என்று பார்க்கிறாள். வரவில்லை. அவனுடைய கண் பாதி திறக்கிறது. “என்னடி பண்ற?” “செதில் ஒட்டியிருக்கு.” “விடு, வீட்டுக்குப் போய் குளிச்சா போயிடும்.” “சரி” என்கிறாள். செதில் வந்துவிட்ட பிறகும் அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.