சத்தம் போடாத சக்கரம்

“நைலான் சக்கரம், ரப்பர் சக்கரம், ரெண்டுல எதும்மா சத்தம் போடும்?”

மாமியார் இப்படிக் கேட்டதும் மருமகளுக்குச் சுருக்கென்றது. சக்கரத் தொழிற்சாலையில் இந்த இரண்டையும் உருட்டிச் சோதிப்பதுதான் அவள் வேலை. இத்தனை வருஷமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவர், தன் நாற்காலிச் சக்கரம் தேய்ந்ததும் குடைந்து குடைந்து கேட்கிறாரே!

“நைலான் கெட்டி அத்தை. எவ்வளவு பாரம்னாலும் தாங்கும், சீக்கிரம் தேயாது. ரப்பர் மெத்துனு இருக்கும். ஆனா ஒரே இடத்துல நின்னா அமுங்கிடும்.”

“நான் கேட்டது சத்தத்தை.”

“தரையில உருண்டா நைலான் கடகடன்னு ஊரைக் கூட்டும். ரப்பர் மூச்சு விடாது.”

மாமியார் தலையாட்டிக்கொண்டார். முட்டிவலி வந்ததிலிருந்து வீட்டுக்குள் அந்த நாற்காலியில்தான் அவருடைய நடமாட்டம்.

மருமகள் அடுப்படிக்குப் போய் அக்காவுக்கு ஃபோன் போட்டாள்.

“இப்பவே பூனை மாதிரி வந்து நிக்குதுக்கா கிழவி. இன்னும் நைசா வந்து ஒட்டுக் கேக்கணுமாம். விடுவேனா? நைலானைத்தான் மாட்டப் போறேன்!”

திரும்பினால், அடுப்படி வாசலில் மாமியார்.

“நைலானே மாட்டும்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்” என்றபடி நாற்காலியைத் திருப்பினார். “இந்த ரப்பர்ல நான் வர்றது உனக்குக் கேக்கறதே இல்ல. தண்ணி குடிக்க வர்றப்பல்லாம், நீ உங்க அக்காகிட்ட என்னைத் திட்டறது காதுல விழுது. கடகடன்னு சத்தம் கேட்டா, நீ பேச்சை மாத்திக்கலாம் பாரு.”