இடது காது

சிமெண்ட் லாரி ஓட்டும் எலியேசருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. ஒரு மாதமாகவே லாரியை விட்டு இறங்கிவிடத் துடித்தார். முதலாளி விடுவதாக இல்லை. லைசென்ஸைப் புதுப்பிக்கக் காதுப் பரிசோதனை உண்டு என்றதும் அவருக்கு உயிர் வந்தது. டாக்டரே ஆகாது என்று எழுதிவிட்டால் அப்புறம் யார் என்ன செய்ய முடியும்?

டாக்டர் அவருடைய வலது காதைப் பொத்தி, பின்னால் நின்று ஓர் ஊர்ப்பெயரைக் கிசுகிசுத்தார். எலியேசருக்கு எதுவும் கேட்கவில்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

"ராதாபுரம். சரியாச் சொல்லுதீரே," என்றார் டாக்டர்.

அடுத்த பெயருக்கும் எலியேசர் வாய் திறக்கவில்லை.

"குலசேகரன்பட்டினம். அதுவும் சரி. குரல மட்டும் ஏன்வே மாத்திப் பேசுதீரு?"

"நான் வாயே தொறக்கலியே, சார்!"

டாக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து லாரியைப் பின்னால் எடுத்தார். போன மாதம் இப்படி எடுக்கும்போதுதான் லோடுமேன் தங்கையா சக்கரத்தில் சிக்கிச் செத்தான். "நிறுத்துங்க" என்று அவன் கத்தியது தெருவுக்கே கேட்டது, எலியேசருக்குத்தான் கேட்கவில்லை.

இப்போது அந்த இடது காதுக்குள் தங்கையா சொல்லிக்கொண்டிருந்தான்: "வரலாம் அண்ணாச்சி. பைய வாங்க. இன்னும் வரலாம்."