சிக்கல் இல்லாத கதை

"எல்லாம் சரி, சிக்கல் எங்கே?" என்றாள் டீச்சர்.

மேஜைக்கு முன்னால் நின்றிருந்தாள் சுண்டெலி. மூன்றாம் வகுப்பிலேயே குள்ளம் என்பதால் அவளுக்கு வாய்த்த பட்டப்பெயர் அது.

கதை என்றால் ஆள் வேண்டும், இடம் வேண்டும், நடுவில் ஒரு சிக்கல், கடைசியில் ஒரு முடிவு. வாரம் முழுக்கத் தொண்டைத் தண்ணீர் வற்ற டீச்சர் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். நாலும் இருக்கிற கதையைத்தான் சுவரில் ஒட்டுவேன் என்றும் சொல்லியிருந்தாள். மற்றவர்கள் கதையெல்லாம் சுவரில் ஏறியாகிவிட்டது. சுண்டெலிக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை.

ஆனால் அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான். ஒரு வீட்டில் ஓர் அம்மா, ஓர் அப்பா, ஒரு பெண். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினார்கள்.

திருடனை வரவழைக்கச் சொன்னது கடைசி பெஞ்சு. வெள்ளம் வரட்டும் என்றாள் ஒருத்தி. தன் கதையில் பாதி ஊரைப் புலிக்குத் தின்னக் கொடுத்திருந்த பையன், அந்தப் புலியை இரவல் தரவும் தயாராக இருந்தான். சுண்டெலி எதற்கும் மசியவில்லை.

டீச்சருக்கு எரிச்சலாக வந்தது. வேறு பிள்ளையாக இருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பாள். இவளுக்கு விட்டுக்கொடுத்தால் மற்ற பிள்ளைகள் என்ன நினைக்கும் என்ற பயம், வருஷ ஆரம்பத்திலிருந்தே அவளுக்கு உண்டு.

"சின்னதா ஏதாவது வச்சுக்கோ. சாவி தொலைஞ்சு போச்சுன்னு எழுதினாக்கூடப் போதும்."

"வேண்டாம் டீச்சர்." சுண்டெலி டீச்சர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "நீங்க ஒட்டலைன்னாலும் பரவாயில்ல. அவங்க நிம்மதியா தூங்கறாங்க, எழுப்ப வேண்டாம்."

டீச்சர் பதில் சொல்வதற்குள் மணி அடித்தது. கடைசி மணி என்பதால் வகுப்பு திமுதிமுவென்று வெளியே ஓடியது. புலிக்காரன் மட்டும் மறந்துபோன தண்ணீர் பாட்டிலுக்காகத் திரும்பி வந்து போனான். அவனும் போகும்வரை சுண்டெலி பையை மாட்டிக்கொண்டு பொறுமையாக நின்றாள். பிறகு மேஜையருகே வந்தாள்.

"எல்லாரும் போயாச்சு. இப்போ அம்மான்னு கூப்பிடலாம்ல?"

டீச்சர் தலையை ஆட்டினாள். அந்தத் தாள் இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"அம்மா, இன்னைக்கு நான் உன் வீட்டுக்கு வரணுமா, அப்பா வீட்டுக்குப் போகணுமா?"