முழங்கால் வலி

"உன்னோட நடந்தா இந்த மலைப்பாதையை அடுத்த ஜென்மத்துலதான் முடிப்பேன்."

விடுதிப் படியில் உட்கார்ந்து ஷூ லேஸை இறுக்கினார் கணவர்.

"முழங்கால் வலிக்குதுங்க. மெதுவாப் போகலாமே" என்றாள் மனைவி.

"வந்ததுலேருந்து ஊர்ந்துக்கிட்டுதான் இருக்கோம். அவங்கவங்க நடையை அவங்கவங்கதான் கண்டுபிடிக்கணும்னு கைடு சொன்னார்ல? ரிட்டயர் ஆனதும் இங்க நடக்கணும்னு காலமெல்லாம் நெனச்சேன். உன் காலுக்குக் காவல் இருக்கவா வந்தேன்?"

"இன்னிக்கு ஒருநாள் தங்கிட்டு, நாளைக்குச் சேர்ந்து போகலாங்க."

"நீ தங்கு. சாயங்காலம் ஜீப்புல அடுத்த விடுதிக்கு வந்துடு. இன்னிக்காவது நான் என் நடை நடக்கறேன்."

பையை மாட்டிக்கொண்டு, சீட்டியடித்தபடி மேட்டில் விறுவிறுவென்று ஏறினார். அவர் செல்போன் படியிலேயே மறந்து கிடந்தது. அவள் செல்போன் அடித்தது. மகள்தான்.

"அம்மா, அப்பா மெதுவாத்தானே நடக்கறார்?"

"தனியாப் போயிட்டார்டி."

"ஏம்மா விட்டே? வேகமா மேடு ஏறினா அவர் இதயம் தாங்காதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே."

"அவருக்குத் தெரிஞ்சா பயத்துலயே போயிடுவார்னு நீதானே மறைக்கச் சொன்னே. அவர் வேகத்தைக் குறைக்கத்தான் எனக்கு வலின்னு பொய் சொன்னேன். அந்தப் பொய்யே என்னை இங்க உக்கார வச்சிடுச்சு."

முழங்காலில் கட்டியிருந்த பட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு மேட்டில் ஓடினாள். கால்கள் துளியும் தடுமாறவில்லை. வளைவுக்கு அப்பால் சீட்டி கேட்டுக்கொண்டிருந்தது.

"என்னங்க, நில்லுங்க" என்று கத்தினாள்.

சீட்டி நின்றது.

மறுபடி கூப்பிட்டாள். பதில் வரவில்லை.