சீழ் வந்த வழி

செயற்கை மூட்டு வைத்த அவருடைய முழங்காலில் மறுபடியும் சீழ் கட்டியது.

"நீ கையை ஒழுங்காக் கழுவியிருந்தா இது வருமா?" என்று மனைவிமேல் எரிந்து விழுந்தார்.

"சோப்புப் போட்டுப் போட்டு என் கைத்தோலே உரிஞ்சு போச்சு. இதுக்கு மேல நான் என்னதான் செய்யணும்?"

அவர் அடங்கவில்லை. நர்ஸுக்குச் சுத்தம் போதாது, மகள் செருப்போடு அறைக்குள் வந்தாள் என்று வாய் ஓயாமல் பழி போட்டார். மகள் அப்பாவைப் பார்க்க வருவதையே நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு முறை புண்ணின் கட்டைப் பிரிக்கும் முன்னும் மனைவி இரண்டு தடவை கை கழுவினாள்.

சீழைப் பரிசோதனைக்கு அனுப்பிய டாக்டர், முடிவு வந்ததும் இருவரையும் கூப்பிட்டார்.

"புண்ணுக்குக் கட்டுப் போடுறது யாரு?"

"இதோ, இவதான். நல்லா நாலு வார்த்தை கேளுங்க டாக்டர்!"

"அவங்கமேல ஒரு தப்பும் இல்ல சார். இது சொத்தைப் பல்லுல வளர்ற கிருமி. ரத்தம் வழியா மூட்டுக்கு இறங்கியிருக்கு. உங்களுக்குப் பல்வலி இருக்கா?"

பிடுங்கிவிடுவார்களே என்று பயந்து, வலியை யாரிடமும் சொல்லாமல் மறைத்தவர் தலைகுனிந்தார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடியிருந்தே இருக்கு..."

"பல்லை எடுத்துட்டு, மூட்டையும் திரும்பத் திறந்து கழுவணும்."

மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அதுவரைக்கும் அந்த வாய்க்கும் சேர்த்து ஒரு கட்டுப் போட்டுடட்டுமா டாக்டர்?"