பத்தாவது விக்கெட்

"அந்தக் கொலைகாரன் மேடை ஏறினா நான் ஏற மாட்டேன். சொல்லிட்டேன்!"

கிரிக்கெட் கிளப்பின் உடை மாற்றும் அறையில் டிரைவர் போட்ட சத்தத்தில், வெளியே நாற்காலி விரித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மனைவி அவசரமாகக் கதவைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுங்க. அவன் என் கூடப் பிறந்த தம்பி."

"யார் தம்பியா இருந்தா எனக்கென்ன? என் பத்தாவது விக்கெட்டைக் கொன்னவன் கொன்னவன்தான்!"

ஆமாம், செத்துப்போனது வெறும் விக்கெட். ஆனால் 'வெறும்' என்று டிரைவர் காதுபடச் சொல்லிவிட்டு யாரும் முழுசாக வீடு திரும்பியதில்லை. வாரமெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் பந்தும் கையுமாக மைதானத்தில் நின்ற மனுஷர். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். முழங்காலும் கெஞ்சிப் பார்த்தது. பந்தை மட்டும் கீழே வைக்க மாட்டேன் என்றுவிட்டார்.

அப்படிப்பட்டவர் இளவயதில் ஓர் இறுதிப் போட்டியில் தனியாளாக ஒன்பது பேரைக் காலி செய்தார். பத்தாவது ஆள் ஸ்டம்புக்கு நேர் முன்னால் பந்தைக் காலில் வாங்கினான். பச்சைக் குழந்தைகூட எல்.பி.டபிள்யூ என்று சொல்லும். அம்பயராக நின்ற மைத்துனரோ தலையை ஆட்டி, "நாட் அவுட்" என்றார். அடுத்த பந்து பவுண்டரிக்குப் பறந்தது, கோப்பையும் கூடவே போய்விட்டது.

அன்றைக்கு மூண்ட கோபம் இன்னும் ஆறவில்லை. மைத்துனர் அக்கா வீட்டு வாசற்படியை மிதிக்க முடியவில்லை. அக்கா பிள்ளைகளின் கல்யாணத்துக்குக்கூட அவருக்கு அழைப்பு இல்லை.

"இந்தப் பாராட்டு விழாவுல அவன் கையால உங்களுக்குக் கேடயம் குடுக்கணும்னு கிளப் தலைவர்கிட்ட நான்தான் கேட்டேன்" என்றாள் மனைவி. "எனக்கும் வயசாகுது. இருக்கிறது ஒரே தம்பி. இன்னிக்கும் நீங்க முகத்தைத் திருப்பிக்கிட்டா, நான் அவன் வீட்டோட போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது டிரைவருக்கு முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சட்டைப் பொத்தானைப் போட்டார்.

"வாங்கித் தொலைக்கிறேன். ஆனா வாயை மூடிக்கிட்டு வாங்க மாட்டேன்!"

கூட்டத்தில் உட்கார இடமில்லை. கிளப் தலைவர் மருந்துக்கடை வைத்திருப்பவர், மைக்கைப் பிடித்தால் மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல நிறுத்தாமல் பேசுவார்.

"ஆயிரத்துக்கு மேல விக்கெட் எடுத்திருக்கார். அதைக்கூட விடுங்க. இத்தனை வருஷத்துல ஒரு நோ-பால் உண்டா? பந்து போடறப்போ இவர் கால் ஒரு தடவையாவது கோட்டைத் தாண்டியிருக்கா? சிக்னல்ல பஸ்ஸை நிறுத்தற அதே கால்தானே! வேற எவனுக்கும் இந்தப் பெருமை கிடையாது. அதையேதான் கேடயத்துலயும் பொறிச்சிருக்கோம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. டிரைவருக்கே ஒரு கணம் கோபம் மறந்து கண் கலங்கியது. எந்தக் கோப்பையைவிடவும் அவர் பெரிதாக நினைத்த விஷயம் அது. பேரன் பேத்திகளிடம் அவர் அடித்துக்கொண்ட தம்பட்டமெல்லாம் அதைப் பற்றித்தான்.

அந்த நேரம் பார்த்து மைத்துனர் கேடயத்தை எடுத்துக்கொண்டு மேடையேறினார். அவ்வளவுதான், டிரைவர் தலைவரிடமிருந்து மைக்கைப் பறித்துவிட்டார்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க! சொந்த மகனுக்கே ரன் அவுட் குடுத்த நேர்மையான அம்பயர்னு இவரைச் சொல்றீங்க. அந்த நேர்மை என்கிட்ட எங்கே போச்சு? பத்துக்குப் பத்து எடுத்திருப்பேன்! என் பந்து அவன் கால்ல படுது, இவன் பந்தைப் பாக்கவே இல்ல. எதையோ தொலைச்சவன் மாதிரி தரையைப் பாத்துக்கிட்டு நிக்கிறான்! இவனெல்லாம் ஒரு அம்பயரா? கண்ணு இருந்தும் குருடன்!"

முன்வரிசையில் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்குவது மேடையிலிருந்தே தெரிந்தது.

நரைத்த தலையோடு நின்ற மைத்துனரின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கேடயத்தில் பொறித்திருந்த வரியைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். மைக்குக்காகக் கையை நீட்டினார்.

"அத்தான் சொல்றது சரி" என்றார். "அது அவுட்தான். நான் தப்பாக் குடுத்துட்டேன். எல்லார் முன்னாடியும் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

கூரை அதிரக் கைதட்டினார்கள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டாள். டிரைவருக்கு நெஞ்சு இரண்டு மடங்கானது. ஆனாலும் இத்தனை வருஷத்துக் கோபம் அத்தனை சுலபத்தில் இறங்குமா? கேடயத்தை வெடுக்கென்று வாங்கியவர், மைக்குக்கு எட்டாத தூரத்துக்கு மைத்துனரை இழுத்துப் போய்ச் சீறினார்.

"இதை அன்னிக்கே மைதானத்துல சொல்றதுக்கு என்னடா கேடு உனக்கு?"

மைத்துனர் அவர் காதருகே குனிந்தார்.

"அன்னிக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தா, நோ-பால்னுதான் சொல்லியிருக்கணும் அத்தான்."